குடும்பத்தைச் சுமந்தவர் இறந்துபோனால்: மலையக விசுவாசக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துக் குடும்பத்தைப் பார்த்த ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால், வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சபையார் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஜெபத்தில் உறுதியாயிருங்கள்" என்பார்கள். லயத்துச் (தோட்ட வரிசை வீட்டுச்) சனம் "நாளைக்கே ஆபீசுக்குப் போய்ப் பேப்பரையெல்லாம் எடு" என்று சொல்லும். என் கணவர் இறந்த வருடம் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நான் நிறைய அலைந்தேன். ஜெபிப்பதும் ஆபீசுக்கு நடப்பதும் ஒரே விசுவாசத்தின் வேலைதான் என்று அப்போது எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அட்டனில் இருந்தாலும் பசறையில் இருந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதல் வாரம்: சின்ன ஜெபம் போதும், கையெழுத்து வேண்டாம்

அடக்கம் முடிந்த வாரத்தில் மனம் ஓடாது. வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்காது. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது கேட்கிறார். அந்தக் கேள்வி வேதத்துக்குள்ளேயே இருக்கும்போது நீங்கள் கேட்டால் மட்டும் அது அவிசுவாசம் ஆகிவிடுமா? காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை அதை வாசியுங்கள். இந்த வாரத்துக்கு அது போதும்.

"விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் இப்படி நடந்தது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களைத்தான் கடிந்துகொண்டார்.

இந்த வாரத்தில் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். கடன் கொடுத்தவர், உறவினர், தெரிந்த தரகர் என்று யார் தாளை நீட்டினாலும், "ஒரு மாதம் கழித்து வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். செத்த வீட்டுச் செலவுக்கு மரணாதார சங்கத்தில் வரவேண்டியதை முதலில் வாங்குங்கள். ஊர் பார்க்கிறது என்று வட்டிக்கு எடுத்துச் சாப்பாடு போட வேண்டியதில்லை.

2. மரணச் சான்றிதழ்: ஒன்று போதாது

தோட்டத்தில் இறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். அங்கிருந்துதான் பதிவாளருக்குத் தகவல் போகும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அங்கே தரும் மரண அறிவிப்போடு அந்தப் பகுதிப் பதிவாளரிடம் போக வேண்டும். குளவி கொட்டியோ, சரிவில் விழுந்தோ, மரம் முறிந்தோ இறந்திருந்தால் திடீர் மரண விசாரணை நடக்கும். அந்த விசாரணை அறிக்கையின் பிரதியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பின்னால் நட்டஈடு கேட்க அது இல்லாமல் முடியாது.

சான்றிதழில் உறுதிப்படுத்திய பிரதி ஐந்தாறு ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். சேமலாப நிதிக்கு (ஈபிஎப்) ஒன்று, நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎப்) ஒன்று, வங்கிக்கு ஒன்று, சேவைக்காலப் பணத்துக்கு ஒன்று என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். போட்டோகொப்பி எல்லா இடத்திலும் செல்லாது. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், வயது, தகப்பன் பெயர் மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

3. பெயர்: எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்

மற்ற எல்லாத் தாமதத்தையும் சேர்த்தாலும் பெயரால் வரும் தாமதத்துக்கு ஈடாகாது. நம் தோட்டங்களில் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். பிறந்தபோது பதிந்தது ஒன்று, செக்ரோலில் (தோட்ட வருகைப் பதிவேட்டில்) கிளாக்கர் எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பெயரும் சேரும். சபையில் பத்து இருபது வருடம் "டேவிட் அண்ணன்" என்று கூப்பிட்டிருப்பார்கள். சேமலாப நிதிக் கணக்கில் அவர் முத்துசாமிதான். உங்கள் விவாகப் பத்திரத்தில் டேவிட் முத்துசாமி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வெறும் எம். டேவிட். ஆபீசில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று ஆட்கள்.

தொழில் திணைக்கள அலுவலகத்தில் என் கோவையை (பைலை) பார்த்தவர் எதுவும் பேசவில்லை. பேனாவின் பின்முனையை ஓர் இனிஷியல் மேல் வைத்தார், அடுத்த தாளைப் புரட்டி அங்கிருந்த வேறொரு இனிஷியல் மேல் வைத்தார், பிறகு கோவையை மூடி என் பக்கம் தள்ளினார். ஓர் எழுத்துக்காக மாதங்கள் போயின.

ஆகவே எந்த விண்ணப்பத்தையும் நிரப்புவதற்கு முன்னால் எல்லாப் பத்திரங்களையும் பாயில் பரப்பி, இறந்தவர் பெயர் எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பெயரையும் அப்படியே எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் மூன்று காரியம் செய்ய வேண்டும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். அதையே உறுதிப்படுத்தி கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் செக்ரோல் பெயரையும் சேமலாப நிதி இலக்கத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் கேளுங்கள். மூன்றிலும் பெயர்களை ஒரே ஒழுங்கில், ஒரே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சுகம்.

விவாகப் பதிவு இல்லாதவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜெபவீட்டில் கல்யாணம் நடந்திருக்கும், பதிவேட்டில் கையொப்பம் இருக்காது. அப்படியானால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் கிராம சேவகரின் உறுதிக் கடிதத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, வேறு என்ன தேவை என்று அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இதை வாசிக்கும் தம்பதிகள் இருவரும் உயிரோடு இருந்து இன்னும் பதியவில்லை என்றால், தயவுசெய்து இந்த மாதமே போய்ப் பதியுங்கள்.

4. அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது?

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை இந்தக் கட்டத்தில் வாசியுங்கள். செலொப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. அவருடைய ஐந்து குமாரத்திகளும் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பன் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். "சும்மா இருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மோசே அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. கர்த்தரிடம் போய்க் கேட்டார். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். ஆபீஸ் வாசலில் கூச்சம் வந்தபோதெல்லாம் நான் அந்த ஐந்து பெண்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் பிச்சை கேட்கப் போகவில்லை. அவர் வேர்வை சிந்திச் சேர்த்ததை வாங்கப் போகிறீர்கள்.

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎப்: சம்பளத்தில் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12. உறுப்பினர் இறந்தால் உரித்தாளர் நிரப்ப வேண்டியது 'எல்' படிவம். ஓய்வு பெறுகிறவர் நிரப்பும் 'கே' படிவத்தை யாராவது தவறாகத் தந்துவிடலாம், கவனியுங்கள். படிவத்துக்குக் காசு கிடையாது. தோட்ட ஆபீஸ் நிரப்ப வேண்டிய பகுதி முடிந்ததும் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பணம் மத்திய வங்கியிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊழியர் நம்பிக்கை நிதி, ஈடிஎப்: இது தோட்டம் மட்டும் கட்டும் நூற்றுக்கு 3. சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தால் இதுவும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வேறு படிவம், வேறு அலுவலகம். வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு இதில் மரணக் காப்புறுதிக் கொடுப்பனவும் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். நாள் கடத்த வேண்டாம்.

சேவைக்காலப் பணம்: ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, நாட்சம்பளக்காரர் என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில். நாட்சம்பளம் 1350 ரூபா, சேவை 20 வருடம் என்று வைத்தால் 3,78,000 ரூபா. இறந்தவருடைய உரித்தாளருக்கும் இது உரியது. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தோட்டத்துக்கு எழுத்தில் கேட்டு, வாங்கியவரிடம் திகதி போட்டு ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். இழுத்தடித்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

வேலை நேரத்தில் விபத்தாலோ குளவிக் கொட்டாலோ இறந்திருந்தால் தொழிலாளர் நட்டஈடு தனியாக இருக்கிறது. இதைத் தோட்டத் தலைவரிடமும் நீங்கள் சந்தா கட்டிய தொழிற்சங்கத்தின் நகர அலுவலகத்திலும் உடனே பேசுங்கள். சந்தா வருடக்கணக்காகப் பிடித்திருக்கிறார்கள், உதவி கேட்பது உங்கள் உரிமை.

அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவிப் பணம்) அவர் பெயரில் வந்திருந்தால் கிராம சேவகரிடம் சொல்லி மாற்ற வேண்டும். வராமலே இருந்தால் இப்போது குடும்ப நிலை மாறியிருக்கிறது என்று சொல்லி விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரையும் ஒரு தடவை பாருங்கள்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி. விளங்காத சிங்களக் கடிதத்தில் யார் அவசரப்படுத்தினாலும் கையொப்பம் வைக்காதீர்கள். எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919க்கு போன் செய்தால் தமிழிலும் சொல்வார்கள்.

செலவு எவ்வளவு ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பஸ் காசு, போட்டோகொப்பி, சான்றிதழ்ப் பிரதிகளுக்கான கட்டணம், சத்தியக்கடதாசிக்கு முத்திரை, அவ்வளவுதான். ஆனால் போகும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரு பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போகும், அதுதான் பெரிய செலவு. அதனால் அலுவலர் இருப்பாரா என்று முந்தின நாள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே டவுனில் உள்ள வேலைகளை ஒரே நாளில் வையுங்கள். "ஆயிரக்கணக்கில் கொடுத்தால் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் நிற்பவரிடம் அசல் பத்திரம் ஒன்றையும் கொடுத்துவிடாதீர்கள். மலையில் மழை எப்போது வரும் என்று தெரியாது, எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டு மேலே ஒரு பையில் வையுங்கள். நனைந்த சான்றிதழில் மை ஊறிவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும்.

5. கடன்காரர் வாசலில் நின்றால்

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனம் நம்முடைய கதைதான். புருஷன் கர்த்தருக்குப் பயந்தவன், ஆனாலும் கடனோடு செத்துப்போனான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வருகிறான். தீர்க்கதரிசி எலிசா அந்தப் பெண்ணிடம் கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். பாத்திரங்கள் நிறைந்த பிறகு, விற்றுக் கடனைத் தீர்த்து மீதியைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அற்புதம் கர்த்தர் செய்தது. பாத்திரம் கேட்டு நடந்ததும், ஊற்றியதும், கொண்டுபோய் விற்றதும் அவள். என்னை ஆபீசுக்கும் கடன்காரரிடமும் நடக்க வைத்தது இந்த ஏழு வசனம்தான்.

ஒரு கொப்பியில் கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, அத்தாட்சி இருக்கிறதா. நுண்கடன் கம்பனியில் அவர் பெயரில் கடன் இருந்தால், கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடனாளி இறந்தால் மீதியை அடைக்கும் காப்புறுதி இதில் இருக்கிறதா?" பல கடன்களில் இருக்கும். அறவிட வருகிறவர் தாமாகச் சொல்லமாட்டார். எழுத்தில் பதில் கேளுங்கள். குழுக்கடன் என்றால் குழுவில் உள்ள மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள், அவர்கள் தலையிலும் அது விழும்.

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுக்காதீர்கள். சேமலாப நிதி வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்பணம் தருகிறேன் என்று சிலர் வருவார்கள், அவர்களிடம் வங்கிக் கார்டையோ புத்தகத்தையோ ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள். அடகு வைத்த நகை இருந்தால் சீட்டில் உள்ள திகதியைப் பாருங்கள். ஏலத்துக்குப் போகுமுன் வட்டியை மட்டும் கட்டித் திகதியை நீட்டலாமா என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உண்மையைச் சொல்லுங்கள்: "பணம் வர மாதமாகும், வந்ததும் தருவேன்." நேராகப் போய்ச் சொன்ன கடன்காரர்களில் என்னிடம் கோபித்தவர்கள் குறைவு.

6. சபையிடம் வாய் திறந்து சொல்லுங்கள்

நம் பெண்கள் ஆராதனையில் கண்ணீர் விடுவார்கள், வீட்டில் அரிசி இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். எருசலேமில் ஆதிச் சபையிலேயே விதவைகளுக்கு அன்றாடப் பங்கு கிடைக்கவில்லை என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர் 6இல் இருக்கிறது. முறுமுறுத்தவர்களை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்.

பாஸ்டரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ தெளிவாகக் கேளுங்கள். "ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னால் ஜெபத்தோடு முடிந்துவிடும். "வெள்ளிக்கிழமை தொழில் அலுவலகத்துக்குப் போகிறேன், படிவம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வர முடியுமா? பிள்ளைகளைப் பின்னேரம் வரை யாராவது பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். என்னோடு வந்தது வாலிபர் கூட்டத்தில் ஏ.எல். முடித்திருந்த ஒரு தங்கச்சி. படிவத்தில் விட்டுப்போன இடத்தை அவள்தான் கண்டுபிடித்தாள்.

வேதனையான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சேமலாப நிதி வரப்போகிறது என்று தெரிந்ததும், அதில் பெரும் பகுதியை விதையாகப் போட்டால் நூறு மடங்கு வரும் என்று பேசும் ஊழியர்கள் உண்டு. அந்தப் பேச்சைத் தயவாக, உறுதியாக மறுத்துவிடுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பவர்களைக் குறித்து இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மாற்கு 12இல் வாசியுங்கள். காணிக்கை கொடுப்பது உங்கள் சந்தோஷம், யாரும் பயமுறுத்தி வாங்கக்கூடாது.

7. காத்திருக்கும் மாதங்கள்

எல்லாத் தாளும் சரியாக இருந்தாலும் வாரங்கள் ஆகும். பெயர்த் திருத்தம் என்றால் மாதங்கள். விசுவாசம் வளர்வதும் தளர்வதும் இந்தக் காலத்தில்தான்.

எனக்கு உதவியது யாத்திராகமம் 16. மன்னா அந்தந்த நாளுக்குத்தான் விழுந்தது. நாளைக்கென்று மிச்சம் வைத்ததில் புழு பிடித்தது. ஒரு மாதத்துக்கு என்று ஜெபித்தபோது என் நெஞ்சு அடைத்தது. இன்றைக்கு என்று ஜெபிக்கப் பழகினேன்: இன்றைக்கு மாவு, இன்றைக்குப் பிள்ளைக்குப் பஸ் காசு, இன்றைக்கு மலைக்கு ஏறக் காலில் பெலன். கடன் கொப்பியின் பின்பக்கத்தில் அன்றன்று வந்ததை எழுதினேன். பக்கத்து லயத்து அக்கா தந்த பலாக்காய், மழையிலும் கிடைத்த முழுப் பேர், கடைக்காரர் கேட்காமல் விட்ட பாக்கி. சில நாட்களில் எழுத ஒன்றும் இருக்காது. அந்த நாளை வெறுமையாகவே விட்டுவிடுங்கள், இல்லாததை இருப்பதாக எழுதக்கூடாது. மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், சம்பளக் கணக்கில் சேராத எத்தனை வழிகளால் அடுப்பு எரிந்தது என்று தெரியும். கர்த்தர் நம்மை மறக்கவில்லை என்று நான் நம்பத் தொடங்கியது அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான்.

ஜெபம் கேட்கப்பட்டால் கஷ்டம் நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு நிற்கவில்லை. மகனை ஒரு வகுப்பு நிறுத்திவிடலாமா என்று யோசித்த இரவுகள் இருந்தன. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முடிவை மட்டும் பணம் வரும்வரை தள்ளிப்போடுங்கள். அதிபரிடம் நிலைமையைச் சொன்னால் சப்பாத்து, கொப்பி போன்றவற்றுக்கு ஏதாவது வழி காட்டக்கூடும்.

மாதம் ஒரு தடவை தொழில் அலுவலகத்துக்கு போன் செய்து கோவை இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பேசியவர் பெயர், திகதி, சொன்ன பதில் மூன்றையும் எழுதுங்கள். கடிதத்தில் திருத்தம் கேட்டிருந்தால் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோவை அடியில் போய்விடும்.

8. பணம் கணக்கில் விழுந்ததும்

முதல் மாதம் யாரிடமும் தொகையைச் சொல்லாதீர்கள். எலிசா சொன்ன ஒழுங்கே ஒழுங்கு: கடன் முதலில், மீதி பிழைப்புக்கு. வட்டி கூடியதை முதலில் அடைத்து, அடைத்ததற்கு எழுத்தில் சிட்டை வாங்குங்கள். பிள்ளைகளின் படிப்புக்கான பகுதியை நிலையான வைப்பில் போடுங்கள், கையில் இருந்தால் உறவினர் கேட்கும்போது மறுக்க முடியாது. த்ரீவீல் வாங்கித் தருகிறேன், வெளிநாடு அனுப்புகிறேன் என்று வருகிற யோசனைகளை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். நன்றிக் காணிக்கையை மனதில் நியமித்தபடி கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்தக் காரியம். நீங்களும் கொழுந்து எடுப்பவர் என்றால் உங்கள் பெயரிலும் சேமலாப நிதி ஓடிக்கொண்டிருக்கிறது. தோட்ட ஆபீசில் போய் உங்கள் உறுப்பினர் இலக்கத்தையும் அதில் உள்ள பெயரையும் பாருங்கள், அடையாள அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் இப்போதே திருத்தக் கேளுங்கள். பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது என்றும் கேளுங்கள். அது இறந்தவருடைய பெயராக இருந்தால் பிள்ளைகளின் பெயரை, பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்து மாறாமல், பதிந்துவிட்டு வாருங்கள்.